ஒன்பது அங்குலம் உள்ளே

அத்தியாயம் 4

முந்தைய அத்தியாயத்தைத் தவறவிட்டவர்கள் வருத்தப்பட வேண்டாம். அதில் ஒரு பூனை காணாமல் போனது, மூன்று நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அலமாரியில் கிடைத்தது, அவ்வளவுதான். நாங்கள் யார் என்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

என் முதலாளியம்மாவை எல்லாரும் சர்வேயர் மேடம் என்பார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் சர்வேயராக இருந்தவர். எரிந்த கடை, நனைந்த குடோன், நசுங்கிய லாரி என்று போய் நின்று, யார் புளுகுகிறார்கள் என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்த வியாதி போகவில்லை, துப்பறியும் ஆபீஸ் திறந்துவிட்டார். நான் அவருடைய உதவியாளன். வயது நாற்பத்தாறு, பட்டப்பெயர் தகரம். ஏன் அந்தப் பெயர் என்பது நான் வாயைத் திறந்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அன்று காலை பத்து மணிக்கு ஓர் அம்மாவும் ஒரு பெரிய ஆளும் வந்தார்கள். அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கூட வந்தவர் அவருடைய அண்ணன், கட்டட கான்ட்ராக்டர். தங்கையின் கைப்பையை அவர்தான் தோளில் மாட்டியிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார். டீச்சர் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. மூடியில்லாத பாட்டிலைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

"நாயா, பூனையா?" என்றேன் நான்.

"வீட்டுக்காரர்," என்றார் டீச்சர். "செத்துப்போயிட்டார்."

நான் வாயை மூடிக்கொண்டேன். இது எங்கள் ஆபீஸில் அடிக்கடி நடக்கிற விஷயமில்லை. மேடம் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

டீச்சர் மேஜைமேல் ஒரு கடிதத்தை வைத்தார். "அஞ்சு வாரம் ஆச்சு. நேத்து அவர் பேருக்கு இது வந்துச்சு."

"படி, தகரம்," என்றார் மேடம்.

பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். 'ஐயா, தாங்கள் கேட்டுக்கொண்டபடி, தாங்கள் புதுப்பித்துவரும் வீட்டின் வாசற்கதவைத் தெருவிலிருந்து பார்வையிட்டோம். கதவு வீட்டின் காலத்துக்குப் பொருத்தமானதே. ஆனால் கதவு நிலை, சுவரின் வெளிப்பரப்போடு சமமாகப் பொருத்தப்பட்டுள்ளது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின்படி அது ஒன்பது அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். மேலும் வீட்டின் உட்பக்கம் வர வேண்டிய அலங்காரச் சட்டம் தெருப்பக்கம் அடிக்கப்பட்டுள்ளது. இத்தவறுகளுக்கு முப்பது நாட்களுக்குள் விளக்கம் தரவும்.'

"செத்தவரை விளக்கம் கேக்கறாங்களா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

"அவர் ஆர்க்கிடெக்ட்," என்றார் டீச்சர். வகுப்பில் வருகைப் பதிவு வாசிக்கிற குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "பழைய வீடுகளை மட்டும்தான் எடுத்துச் செய்வார். இந்த ஒரு கதவுக்காக ஆறு மாசம் அலைஞ்சார். வீட்டு ஓனர் ஒரு டாக்டர். பெரிசா, பூவும் சிங்கமும் செதுக்கின கதவுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னார். இவர் விடல. வீடு பாட்டுக்கு அமைதியா இருக்கு, அது தலையில எதுக்குக் கிரீடத்தை வைக்கறீங்கன்னு சண்டை போட்டார். அப்படிப்பட்டவர் ஒன்பது இன்ச் தப்பு பண்ண மாட்டார்."

"போலீஸ் என்ன எழுதினாங்க?"

டீச்சர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"அவராவே குதிச்சிட்டார்னு எழுதினாங்க. மாடி வராந்தாவுலேர்ந்து கீழ ஹாலுக்கு. அங்க நெஞ்சு உயரத்துக்கு இரும்புக் கைப்பிடி இருக்கு. தவறி விழ வழியே இல்ல. தள்ளிவிட்டிருந்தா தள்ளினவன் வெளிய போயிருக்கணும்ல? பின்வாசலை வேலைக்காகச் செங்கல் வெச்சு அடைச்சிருந்தோம். ஜன்னல் பூரா கம்பி. வாசக்கதவு உள்பக்கம் மேலயும் கீழயும் தாழ்ப்பாள் போட்டிருந்தது. மறுநாள் காலைல ஆளுங்க வந்து, கதவுக்கு மேல இருக்கற கண்ணாடியை உடைச்சு, ஒருத்தன் ஏறிக் குதிச்சுத்தான் தொறந்தான்."

"கதவை மாட்டினது யாரு?"

"அன்னிக்குச் சாயங்காலம்தாங்க. நாலு மணிக்கு ஆளுங்களை அனுப்பிட்டு, நானும் மாப்பிள்ளையும் சேர்ந்து மாட்டினோம். அஞ்சரைக்கு நான் கிளம்பிட்டேன். கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்னார்."

"ஒன்பது இன்ச்?"

அவர் தங்கையைப் பார்க்காமல் பேசினார். "எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இப்படியே இருக்கட்டும், யாருக்கு என்னன்னுட்டார். அவர் மனசு எதுலயும் இல்லைங்க. எனக்குத்தான் அப்பப் புரியல. நீங்களாவது இவளுக்கு எடுத்துச் சொல்லுங்க மேடம். சாப்பிட மாட்டேங்கறா, தூங்க மாட்டேங்கறா. லெட்டரை வெச்சுக்கிட்டுத் தனியா கிளம்பிட்டா. அதான் நானே கூட்டிட்டு வந்தேன்."

அப்போது அவருடைய போன் அடித்தது. "வேலை நடக்கற இடத்துலேர்ந்து" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

மேடம் நாற்காலியை முன்னால் நகர்த்தினார். "உங்க அண்ணன் இருந்தப்ப சொல்லாதது ஏதாவது இருக்கா?"

டீச்சர் பாட்டிலையே பார்த்தார். "அன்னிக்குக் காலைல சண்டை. எப்பப் பாரு கதவு, கதவுன்னு. என் பிறந்த நாளைக்கூட மறந்துட்டார். போங்க, போய் அந்தக் கதவையே கட்டிக்கிட்டு அழுங்கன்னேன். அதுதான் நான் கடைசியா பேசினது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"யார் குற்றவாளின்னு எனக்கு வேண்டாம் மேடம். அவராவே போனாரா, இல்லையா? அது மட்டும் தெரிஞ்சா போதும். நான் சொன்னதுக்காகத்தான் போனார்னா, அதுவும் தெரிஞ்சாகணும். எனக்கு அழுகையே வரல. கால் மரத்துப்போகும்ல, அப்படி இருக்கு, உடம்பு பூரா."

"அவர் எப்படிப்பட்ட ஆள்? சின்னச் சின்ன விஷயமா சொல்லுங்க."

"எதைப் பார்த்தாலும் நாலு காலடி பின்னால போய்த்தான் பார்ப்பார். நான் புதுப் புடவை கட்டிக் காட்டினாக்கூட அப்படித்தான். ஒரு தடவை அப்படிப் போய் வாளித் தண்ணிக்குள்ள உட்கார்ந்துட்டார்." அதைச் சொல்லும்போதும் அவர் முகம் அசையவில்லை. "வேலையில ஒவ்வொரு அடிக்கும் தரையில சாக்பீஸ்ல நம்பர் போடுவார், எந்தத் தூரத்துலேர்ந்து எது தெரியுதுன்னு எழுதி வைப்பார். சாக்பீஸ் எல்லாம் என்னோடது. ஸ்கூல்லேர்ந்து நான் கொண்டு வர்ற நீலச் சாக்பீஸைத் திருடிட்டுப் போவார்."

மேடம் நோட்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'நீலம்'.

*

"டாக்டர்தான்," என்றேன், காரை எடுத்தபடி. "சந்தேகமே வேண்டாம். கேட்ட கதவு கிடைக்கலைங்கற கோபம். சிங்கம் கேட்டவர் மேடம், சும்மா விடுவாரா?"

"டாக்டரா இருந்தா இப்ப அந்த வாசல்ல சிங்கம் இருக்கணும்," என்றார் மேடம். "இருக்கறது செத்தவர் கேட்ட கதவு. லெட்டரை ஒழுங்கா படிச்சியா? கதவு சரி, வெச்ச இடம்தான் தப்பு."

"அப்ப அண்ணன்காரர் சொல்றதுதான் நிஜமா? மனசு விட்டுப்போய், எப்படியோ போன்னு விட்டுட்டாரா?"

"எப்படியோ போன்னு விடறவன் அலுவலகத்துக்குக் கடிதம் போட்டு, வந்து பாருங்கன்னு கூப்பிடுவானா?"

நான் கியரை மாற்றினேன். பேச்சை மாற்ற ஒன்றும் கிடைக்கவில்லை.

கதவு செய்த பட்டறை ரயில் பாதையை ஒட்டி இருந்தது. உள்ளே இழைப்பு இயந்திரம் அலறிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும், கொண்டையில் இரண்டு பென்சில் செருகியிருந்தார். வந்த காரணத்தைச் சொன்னதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு பலகைமேல் உட்கார்ந்தார். மூலையில் பெரிய கதவு ஒன்று சாய்ந்திருந்தது. அதிலிருந்த சிங்கம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"டாக்டரோட கதவா?"

"ஆமா. அவர் கட்டற புது ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கறேன்னுட்டார். அவங்க சண்டையெல்லாம் எப்பவோ முடிஞ்சிருச்சு. சார் போனதுக்கு இங்க வந்து உட்கார்ந்து அழுதவர் அவர் ஒருத்தர்தான்."

என் கொலைகாரர் இப்படியாக ஒரே வாக்கியத்தில் கைநழுவிப் போனார்.

"சார் எப்படி அந்தக் கதவைத் தேர்ந்தெடுத்தார்?" என்று கேட்டார் மேடம்.

"பழைய வீட்டுக்குக் கதவு வைக்கறதுன்னா கடைக்குப் போய்க் கை காட்டற வேலை இல்லம்மா. வீட்டைக் கேக்கணும்பார். கீழ இருந்த ஒரிஜினல் கதவு எப்பவோ போயிருச்சு. ஆனா மாடியில பால்கனிக் கதவு, வீடு கட்டினப்ப வெச்சது, அப்படியே இருக்கு. அதைப் பார்த்துப் பார்த்து, பலகை எத்தனை, கண்ணாடி எவ்வளவு உயரம், பிடி எந்த இடம்னு எல்லாம் எடுத்தார். அதுக்கு அண்ணன் மாதிரி கீழ ஒண்ணு செஞ்சு குடுங்கன்னார். ஆறு தடவை வரைஞ்சுட்டு வந்தார். ஆறாவது தடவை நானே கையெடுத்துக் கும்பிட்டேன்."

"கதவைத் தனியா அனுப்பினீங்களா, நிலையோட சேர்த்தா?"

"நிலையோட சேர்த்துத்தான். மூணு மணிக்கு எங்க ஆளுங்க கொண்டுபோய், வீட்டு வாசல்ல தள்ளுவண்டி மேலயே நிக்க வெச்சுட்டு வந்துட்டாங்க. மேல, கீழ ரெண்டு தாழ்ப்பாளும் போட்டுத்தான் அனுப்புவோம்."

இங்கே மேடம் பேனாவை மூடினார். அவர் பேனாவை மூடினால் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வது வழக்கம்.

"தாழ்ப்பாள் போட்டா? ஏன்?"

"இல்லைன்னா வழியில குலுங்கி நிலை கோணிக்கும்மா. அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சாத்த வராது. சுவர்ல வெச்சு, ஆப்பு அடிச்சு, நேரா நிக்குதுன்னு பார்த்த பிறகுதான் தாழ்ப்பாளைத் தொடணும். எல்லாப் பட்டறையிலயும் அப்படித்தான்."

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கும்?"

"உள்பக்கம். இது என்ன கேள்வி?"

"மாட்டறவங்க எந்தப் பக்கம் நிப்பாங்க?"

"உள்ளதான் நிப்பாங்க. தெருவுல நின்னு மாட்டினா ஆப்பு அடிக்க எட்டாதே. ஒன்பது இன்ச் உள்ள தள்ளிட்டா நிலை அப்படியே ஹாலுக்குள்ள சாஞ்சிரும். தெருவுல நின்னு மாட்டணும்னா ஒரே வழிதான். நிலையைச் சுத்தி வெளிப்பக்கம் அகலமா ஒரு சட்டத்தை அடிச்சு, அது சுவர்ல இடிச்சு நிக்கற மாதிரி..."

பட்டறைக்காரம்மா நிறுத்திவிட்டார். கொண்டையிலிருந்து ஒரு பென்சிலை உருவி, திரும்பவும் அங்கேயே செருகினார்.

"சட்டம் வெளியவா இருக்கு?" என்றார் மெதுவாக.

"வெளியதான் இருக்கு," என்றார் மேடம்.

காரில் ஏறி உட்கார்ந்த பிறகும் நான் சாவியைத் திருப்பவில்லை. கதவை யாரும் வீட்டுக்குள்ளிருந்து தாழிடவில்லை. தாழிட்ட கதவாகவே அது பட்டறையிலிருந்து வந்து, அப்படியே வாசல் ஓட்டைக்குள் போயிருக்கிறது. செத்தவர் உள்ளே கிடக்க, இன்னொருவர் தெருவில் நின்று அதை மாட்டியிருக்கிறார். அன்று சாயங்காலம் அங்கே இருந்த இன்னொருவர் யார் என்பதை அவரே வாயால் சொல்லிவிட்டார்.

"பையைத் தூக்கிட்டு வந்தாரே மேடம்," என்றேன். "தண்ணி பாட்டிலைத் தொறந்து குடுத்தாரே."

"அண்ணனுக்குப் போன் போடு. மூணு மணிக்குத் தங்கச்சியைக் கூட்டிட்டு, அந்த வீட்டுச் சாவியோட வரச் சொல்லு."

"டீச்சர் எதுக்கு மேடம்? புருஷனைக் கொன்னது கூடப் பொறந்தவர்னு அவங்க எதிர்லயா சொல்றது?"

"கொன்னார்னு நான் சொன்னேனா?" என்றார் மேடம். "கைப்பிடி நெஞ்சு உயரம். அந்த வராந்தாவை நான் இன்னும் பார்க்கல."

*

தெரு முழுக்க நூறு வருடம் தாண்டிய வீடுகள். எல்லா வீட்டிலும் சுவர் கனமாக இருந்தது, கதவு ஒரு கை ஆழம் உள்ளே தள்ளி நிழலில் நின்றது. நாங்கள் பார்க்க வந்த வீட்டில் மட்டும் கதவு காலண்டர் மாதிரி சுவர்மேலேயே மாட்டியிருந்தது. சுற்றிலும் அகலமான சட்டம். ஒரு முறை தெரிந்துகொண்ட பிறகு அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. ஐந்து வாரமாக ஊரே அதைத் தாண்டித்தான் போய்வந்திருக்கிறது.

அண்ணன் பூட்டைத் திறந்தார். போலீஸ் போன பிறகு டாக்டர் வேலையை நிறுத்திவிட்டதால் உள்ளே எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தது. சிமென்ட் மூட்டை, சாரக் கம்பு, காய்ந்த பெயிண்ட் டப்பா. டீச்சர் ஹாலின் நடுவே ஓர் இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார். அங்கே தரையில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் நானும் சுற்றிக்கொண்டுதான் போனேன்.

மாடி வராந்தா எட்டடி அகலம்கூட இருக்காது. ஒரு பக்கம் பால்கனிக் கதவு. எதிர்ப்பக்கம் இரும்புக் கைப்பிடி, அதற்கு அப்பால் கீழே ஹால். தரையில் பெயிண்டர்கள் விரிக்கிற பழைய துணி, நிறைய தூசி.

மேடம் குனிந்து, கைப்பிடிக் கம்பியின் அடித்தகட்டை விரலால் தடவினார். "பெயிண்ட் பழசு. அடியில வெல்டிங் மட்டும் பளபளன்னு இருக்கு. எப்பப் போட்டது?"

"வேலை ஆரம்பிச்சப்ப," என்றார் அண்ணன்.

"ஆறு மாசமாவா பளபளக்குது?"

அவர் தோளில் இருந்த பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தகரம், துணியை எடு. மெதுவா."

துணியின் ஓரத்தைப் பிடித்துச் சுருட்டினேன். பால்கனிக் கதவுக்கு முன்னால் தரையில் நீலச் சாக்பீஸ். தேதி போட்டிருந்தது, அவர் செத்த நாள். அதன் கீழே '1, கதவுப் பிடி' என்று எழுதியிருந்தது. இன்னும் சுருட்டினேன். ஒரு காலடி தள்ளி '2, பலகை'. அதற்கும் பின்னால் '3, கண்ணாடி'.

"அவர் கையெழுத்து," என்றார் டீச்சர்.

துணி முடிந்துவிட்டது. கைப்பிடியின் அடித்தகடு வந்துவிட்டது. தகட்டின் கீழிருந்து நீல நிறத்தில் பாதி எண் மட்டும் வெளியே தெரிந்தது. நாலு. அதன் மீதிப் பாதி தகட்டுக்கு அடியில் இருந்தது.

எனக்குப் பேச வரவில்லை. எனக்கு!

"அவர் நாலு எழுதினப்ப இந்த இடத்துல கைப்பிடி இல்ல," என்றார் மேடம். "அதுக்குப் பிறகு வந்திருக்கு. கொலை இல்ல, தற்கொலையும் இல்ல. கதவைப் பார்க்கப் பின்னால போயிருக்கார். எப்பவும் போற நாலடி. குனிஞ்சு நம்பர் போட்டார், நிமிர்ந்தார். பக்கத்துல எழுத அவருக்கு நேரம் கிடைக்கல."

டீச்சர் அண்ணன் பக்கம் திரும்பினார். வேகமில்லை, கோபமும் இல்லை. "கைப்பிடி எங்க போச்சு அண்ணா?"

அந்தப் பெரிய ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அடியில ஆடிக்கிட்டு இருந்துச்சு பாப்பா. ஆளுங்க போன பிறகு நானேதான் கழட்டினேன். வேன்ல போட்டு வெல்டிங் கடைக்குப் போனேன். ஒரு மணி நேர வேலைதானேன்னு நினைச்சேன். மாப்பிள்ளை கீழ, வாசல்ல கதவைத் தடவித் தடவிப் பார்த்துக்கிட்டு இருந்தார். மேல கைப்பிடி இல்லைன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்தது. யாரோ போன் பண்ணினாங்க. பேசிக்கிட்டே வேனை எடுத்துட்டேன்." அவர் குரல் உடைந்தது. "திரும்பி வந்தப்ப கீழ கிடந்தார். மூச்சு இல்ல. நெஞ்சுல காது வெச்சுப் பார்த்தேன், சத்தியமா இல்ல."

"அதுக்கப்புறம் கைப்பிடியை மாட்டினீங்க," என்றார் மேடம்.

"மாட்டினேன். நான் கழட்டினது தெரியக்கூடாதுன்னு தரையில துணியையும் விரிச்சேன். மாட்டின பிறகுதான் உறைச்சது. யார் பார்த்தாலும் தள்ளிவிட்டதாத்தானே நினைப்பாங்க? அங்க இருந்தது நான் ஒருத்தன்தானே? வாசல் வேற ஓன்னு தொறந்து கிடக்கு. தாழ்ப்பாள் போட்ட கதவு தள்ளுவண்டி மேல நிக்குது..." அவர் தங்கையைப் பார்த்தார். "ஜெயிலுக்குப் பயந்து இல்ல பாப்பா. நீ என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டியேன்னு பயந்தேன்."

"அவருக்கு மனசு எதுலயும் இல்லைன்னு சொன்னியே," என்றார் டீச்சர். "அந்தக் கதவு எப்படி இருந்தா யாருக்கு என்னன்னு அவர் சொன்னதா சொன்னியே."

"சொல்லல. அவர் அப்படிச் சொல்லவே இல்ல."

"அன்னிக்கு என்னதான் சொன்னார்?"

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சீக்கிரம் முடிக்கணும், இன்னிக்கு அவ பிறந்த நாள், காலைல மறந்துட்டேன், வாங்கிக் கட்டிக்கிட்டேன்னு சிரிச்சார்."

எந்த வழக்கிலும் நான் ஒருவரை அடிக்கக் கை ஓங்கியதில்லை. அன்று கை ஓங்கத்தான் நினைத்தது. ஆனால் சுவரில் ஒட்டி நின்ற அந்த ஆளைப் பார்த்தால், ஏற்கெனவே ஐந்து வாரமாக அடி வாங்கியவர் மாதிரி இருந்தார். ஒரு மறதிக்குக் கிடைக்க வேண்டிய தண்டனையிலிருந்து தப்ப, அதைவிடப் பெரிய தண்டனையைத் தங்கை தலையில் கட்டியிருக்கிறார். தினமும் சாப்பாடு கொண்டுபோய் வைத்து, சாப்பிடு பாப்பா என்று வேறு கெஞ்சியிருக்கிறார்.

"நாளைக்குக் காலைல ஸ்டேஷனுக்கு நீங்களே போங்க," என்றார் மேடம். "நான் எழுதிக் கொடுக்கறதைவிட நீங்க சொல்றது நல்லது." போனை எடுத்து நான்கு நம்பர்களையும் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார்.

டீச்சர் கையை நீட்டினார். "பையைக் கொடு."

"பாப்பா..."

"பையைக் கொடு அண்ணா."

அவர் கழற்றிக் கொடுத்தார். டீச்சர் அதைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு பால்கனிக் கதவுக்குப் போனார். அதை இதுவரை நான் சரியாகப் பார்க்கவில்லை. ஆறு பலகை, மேலே இரண்டு கண்ணாடி, தேய்ந்த பித்தளைப் பிடி. ஆரவாரம் எதுவும் இல்லாத கதவு. டீச்சர் அதற்கு முகத்தைக் காட்டி, ஒன்றாம் நம்பரில் நின்றார்.

பிறகு ஓரடி பின்னால் வைத்தார்.

என்ன செய்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இரண்டு. பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை, கதவையே பார்த்தபடி வந்தார். நான் ஓசையில்லாமல் நகர்ந்து, அவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் போய் நின்றேன். மூன்று. மேடம் என்னைப் பார்த்தார்.

நாலு.

அவர் தோள் என் நெஞ்சில் இடித்தது. யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

"இங்கேர்ந்து முழுக் கதவும் தெரியுது," என்றார். "நல்லாத்தான் இருக்கு."

அப்புறம் அழ ஆரம்பித்தார். மரத்துப்போன காலில் ரத்தம் ஓடத் தொடங்கும்போது வலிக்குமே, அப்படி முதலில் முனகலாக, பிறகு தாங்க முடியாமல். அண்ணன் ஓரடி முன்னால் வைத்து, நின்றுவிட்டார்.

எனக்குப் பின்னால் இரும்புக் கைப்பிடி இருந்தது. நெஞ்சு உயரம், புது வெல்டிங், அசையாது. இருந்தாலும் அவர் அழுது முடிக்கும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.